பாலில் விழும் கதிர்
சிறு மூலக்கூறுகள் நெடுஞ்சங்கிலியாகும் முறையும் கமக்காரர் அறிய வேண்டியவையும்

கமத்தொழிலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய பொருட்கள் பல இக்காலத்தில் நிலத்திலிருந்து நேரே கிடைப்பனவல்ல. நீர் கொண்டு செல்லும் பீ.வி.சி. குழாய், மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசை, சுவருக்குப் பூசும் எமல்சன் தீந்தை, பீடைகொல்லி தெளிக்கும்போது அணியும் கையுறை ஆகியன இரசாயனத் தொழிற்சாலைகளில் ஆக்கப்படுவன. மாத்தளை மாவட்டத்தின் பல்லேபொலப் பகுதியில் வயலில் நெல்லும் மேட்டுநிலத்தில் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரின் வீடுகளிலும் இவற்றுள் ஒன்றிரண்டு இருக்கும்.

இவற்றைப் போன்ற பொருட்கள் சிலவற்றை ஆக்குவதற்கு அணுவிலிருந்து எழும் கதிரையும் பயன்படுத்தலாம். இங்குக் கதிர் என்றது வயலில் விளையும் நெற்கதிரையன்று. கோபாற்று-60 என்னும் உலோகத்திலிருந்து வெளிப்படும் கண்ணுக்குப் புலப்படாத காமாக் கதிரையாகும். ‘அணு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் அச்சங்கொள்வோரும் உளர்; கதிர் பட்ட பொருள் ஏனையவற்றினும் உயர்ந்தது என எண்ணுவோரும் உளர். இவ்விரு எண்ணங்களாலும் கமக்காரருக்கு நட்டமே உண்டாகும். கதிர் எதனைச் செய்கின்றது, எதனைச் செய்வதில்லை என்பதை அறிந்தவர், பொருளைப் பொருளின் தகுதி கொண்டே தெரிந்தெடுப்பர். அதற்கு வேண்டிய விளக்கம் இங்குத் தரப்படுகின்றது.

பாற்குழம்பு என்பது யாது?

வேப்பெண்ணெயைக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ தெளிக்க முற்படும் கமக்காரர் முதலிற் காணும் இடர்ப்பாடு, எண்ணெய் நீரிற் கலவாமையாகும். எவ்வளவு கலக்கினும் சிறிது நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதனோடு சிறிது சவர்க்காரக் கரைசலைச் சேர்த்து நன்றாகக் கலக்கினால், கலவை வெண்ணிறமடைந்து பால்போல் நிற்கும். எண்ணெய் நீரிற் கரைந்துவிடவில்லை. நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நீரெங்கும் பரவி நிற்கின்றது. சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். ஆகவே சவர்க்காரம் ஒவ்வொரு துளியையும் உறைபோற் சூழ்ந்துகொண்டு, துளிகள் ஒன்றோடொன்று கூடாமற் காக்கின்றது. இவ்வாறு நீரினுள் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் நுண்துளிகளாகப் பரவி நிற்கும் கலவையையே பாற்குழம்பு என்கின்றோம்.

இயற்கையிலும் இத்தகைய குழம்புகள் உள. பசுவின் பாலும் தேங்காய்ப் பாலும் கொழுப்புத் துளிகள் நீரிற் பரவிய குழம்புகள். இறப்பர் மரத்தை வெட்டும்போது வடியும் பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதில் இறப்பர்த் துணிக்கைகளைச் சூழ்ந்து காப்பன புரதமும் கொழுப்பினப் பொருட்களுமாகும். போமிக் அமிலத்தை விட்டால் இக்காப்பு அழிந்து பால் உறைகின்றது. அமோனியா சேர்த்தால் உறையாமல் நெடுநாள் நிற்கின்றது. சிறிதளவேனும் இறப்பர் வைத்திருக்கும் கமக்காரர் இதனை அனுபவத்தில் அறிவர்.

சிறு மூலக்கூறுகள் சங்கிலியாதல்

இரசாயனவியலில் வைனைற் சேர்வைகள் என்றொரு குடும்பம் உண்டு. ஸ்ரைரீன், வைனைல் குளோரைட்டு, வைனைல் அசற்றேற்று, அக்கிரிலோநைத்திரைல் என்பன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. ஆயின் ஒவ்வொன்றிலும் இரண்டு காபன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ளன. இவ்விரட்டைப் பிணைப்பே இவற்றின் சிறப்பு.

வைனைல் மூலக்கூறு ஒன்றைக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு ஒப்பிடலாம். அவர் தாமாகப் பிறரைப் பற்றுவதில்லை. ஆனால் ஒரு கை வெறுமையாகவுள்ள வேறொருவர் வந்து அவரைப் பற்றி இழுத்தால், கட்டிய கைகள் அவிழும். ஒரு கை வந்தவரைப் பற்றும். மற்றக் கை வெறுமையாகி அடுத்தவரைப் பற்றும். அவரது கட்டும் அவிழும். இவ்வாறே ஒருவர் பின் ஒருவராக ஆயிரக்கணக்கானோர் கணப்பொழுதிற் கைகோத்து நீண்ட சங்கிலியாவர். வெறுங்கையோடு வந்து இதனைத் தொடக்கிவைக்கும் துணிக்கையைச் சுயாதீன மூலிகம் என்பர். சங்கிலியாகச் சேரும் சிறு மூலக்கூற்றுக்கு ஒருபகுதியம் என்றும், சேர்ந்து முடிந்த நெடுஞ்சங்கிலிக்குப் பல்பகுதியம் என்றும் பெயர். இச்செயலே பல்பகுதியாக்கம் ஆகும்.

வெறுங்கையுள்ள இரு சங்கிலிகள் தம்முட் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதன்பின் அவை வளரா. ஆகவே வலிமையான, நீளமான சங்கிலி வேண்டுமாயின் வளரும் சங்கிலிகள் ஒன்றையொன்று விரைவிற் சந்தியாதபடி பிரித்து வைத்தல் வேண்டும். அதற்கு ஏற்ற வழி பாற்குழம்பாகும்.

சவர்க்காரத்தின் பங்கு

நீரிற் போதிய அளவு சவர்க்காரம் இருக்கும்போது, அதன் மூலக்கூறுகள் சிறுசிறு கூட்டங்களாகத் திரளும். எண்ணெயை நாடும் முனைகள் உள்ளேயும் நீரை நாடும் முனைகள் வெளியேயும் அமையும். இந்த நுண்குவைகளுள் ஒருபகுதியம் சிறிது புகுந்து தங்கும். எஞ்சிய ஒருபகுதியம் பெரிய துளிகளாக நீரில் மிதந்து, களஞ்சியத்திலிருந்து அரிசி எடுப்பது போல வேண்டும்போதெல்லாம் நுண்குவைகளுக்கு வழங்கப்படும்.

நீரிற் தோன்றிய மூலிகம் ஒன்று ஒரு நுண்குவையிற் புகுந்தவுடன் அங்கே சங்கிலி வளரத் தொடங்கும். அத்துணிக்கை ஓர் அடைத்த அறை போன்றது. உள்ளே ஒரே மூலிகம் இருப்பதாற் சங்கிலிக்கு இடையூறில்லை. பின்னர் இரண்டாவது மூலிகம் புகுமாயின் இரண்டும் கூடி வளர்ச்சி நிற்கும். மூன்றாவது வந்தால் மீண்டும் தொடங்கும். ஆகவே எந்த நேரத்திலும் ஏறத்தாழப் பாதித் துணிக்கைகளில் வேலை நடைபெறும். மறு பாதி ஓய்ந்திருக்கும். இந்த விளக்கத்திற்கு அமெரிக்க விஞ்ஞானி ஹார்க்கின்ஸ் 1947 ஆம் ஆண்டில் அடிகோலினார். ஸ்மித், இயூவாட் என்னும் இருவர் 1948 ஆம் ஆண்டில் அதனைக் கணிதமுறையில் நிறுவினர்.

பாற்குழம்பு முறையின் நன்மைகள் மூன்று. முதலாவது, சங்கிலி நீளமாகவும் விரைவாகவும் வளர்தல். இரண்டாவது, சேர்க்கையின்போது எழும் வெப்பத்தைச் சூழ்ந்துள்ள நீர் ஏற்றுக்கொள்ளுதல். மூன்றாவது, சங்கிலி எவ்வளவு நீண்டாலும் கலவை பால்போல் இளகி நிற்றலால் அதனைக் குழாயிற் செலுத்தவும் தூரிகையாற் பூசவும் இயலுதல். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை இவ்வாறு ஆக்கிய வைனைல் அசற்றேற்றுப் பல்பகுதியமேயாகும். பசையிலுள்ள நீர் உலர்ந்தவுடன் துணிக்கைகள் ஒன்றோடொன்று கூடிப் படலமாகின்றன.

கதிரின் பங்கு

சங்கிலியைத் தொடக்க மூலிகம் வேண்டும். தொழிற்சாலைகளிற் பெரும்பாலும் பொற்றாசியம் பெர்சல்பேற்று போன்ற இரசாயனத் தொடக்கிகளைச் சேர்த்து, கலவையை 50 பாகை முதல் 80 பாகை வரை சூடாக்குவர். வெப்பத்தால் தொடக்கி உடைந்து மூலிகங்களைத் தரும்.

காமாக் கதிர் இதே வேலையை வேறு வழியிற் செய்கின்றது. கதிர் நீரினூடு செல்லும்போது நீர் மூலக்கூறுகள் சிலவற்றைப் பிளந்து மூலிகங்களை உண்டாக்கும். பாற்குழம்பிற் பெரும்பகுதி நீராதலின் அங்குத் தோன்றும் மூலிகங்கள் துணிக்கைகளுட் புகுந்து சங்கிலிகளைத் தொடக்கிவைக்கின்றன. இதற்குச் சூடு வேண்டியதில்லை. குளிர்ந்த கலவையிலும் நடைபெறும். கதிர்மூலத்தை அருகிற் கொண்டுவந்தால் வேலை விரையும். தூர விலக்கினால் மந்தமாகும். நீர்த்தொட்டியினுள் இறக்கிவிட்டாற் புதிய மூலிகங்கள் தோன்றா. உடைந்த தொடக்கியின் மிச்சமும் பொருளில் தங்குவதில்லை. ஒன்று மட்டும் முன்னதாகச் செய்யப்படல் வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசன் மூலிகங்களைப் பற்றிக்கொண்டு வேலையைத் தடுக்குமாதலால், நைதரசன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுவர்.

கதிரை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என எண்ணலாகாது. ஸ்ரைரீன் போன்று நீரில் மிக அரிதாகவே கரையும் ஒருபகுதியங்களில், கதிரை இரு மடங்காக்கினால் வேகம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கூடும். சவர்க்காரத்தை இரு மடங்காக்கினால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். துணிக்கைகளின் தொகையே வேகத்தை முதன்மையாக முடிவு செய்வதே இதற்குக் காரணம். உரத்தை இரட்டித்தவர் விளைச்சலை இரட்டித்துக் காண்பதில்லை என்பதை வயலில் அறிந்தவருக்கு இது புதிதன்று. நீரில் ஓரளவு கரையும் வைனைல் அசற்றேற்று இக்கணக்கிலிருந்து விலகி நடப்பதால், அதனைப் பற்றித் தனியே ஆராய வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவியன் ஸ்டானெற் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் இத்துறையில் விரிவான ஆய்வுகளை நடத்தினர்.

எனினும் இரசாயனத் தொடக்கி மலிவானது. கதிர் நிலையத்தை அமைப்பதோ பெருஞ்செலவு. ஆகையால் பசையையும் தீந்தையையும் செய்யும் தொழிற்சாலைகள் இரசாயனத் தொடக்கிகளையே இன்றும் கையாளுகின்றன. கதிர் முறை இலங்கை போன்ற நாடுகளுக்கு நெருங்கி வந்தது வேறொரு பாலின் மூலமாகும். அது மரம் தரும் பால்.

இறப்பர்ப் பாலும் கதிரும்

1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து இறப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த நாற்றுக்களுள் 1,900க்கு மேற்பட்டவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டன. இன்று மாத்தளை மாவட்டமும் இறப்பர் வளரும் மாவட்டங்களுள் ஒன்றாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவும் இந்தோனேசியாவும் யப்பானியர் வசமாயின. இயற்கை இறப்பர் அரிதாகவே, அமெரிக்கா ஸ்ரைரீனையும் பியூற்றாடையீனையும் சவர்க்கார நீரிற் குழம்பாக்கிச் செயற்கை இறப்பரைப் பேரளவில் ஆக்கத் தொடங்கியது. பாற்குழம்பு முறை பெருந்தொழிலானது அப்போதேயாம். நேச நாடுகளின் கையிலிருந்த இயற்கை இறப்பருக்கோ இலங்கை முதன்மை இடமாயிற்று. போரின் பின்னர், 1952 ஆம் ஆண்டில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட அரிசி - இறப்பர் உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 270,000 தொன் சீன அரிசியும் 50,000 தொன் இலங்கை இறப்பரும் கைமாறுவதென முடிவாயிற்று. நெல் விளைவிப்போர் நாட்டிற்கும் இறப்பர்ப் பாலுக்கும் உள்ள தொடர்பு இத்தகையது.

மரத்திலிருந்து வடியும் பாலில் இறப்பர்ச் சங்கிலிகள் ஏற்கெனவே ஆக்கப்பட்டுள்ளன. ஆயின் அவை ஒன்றோடொன்று பிணையாமல் தனித்தனியே கிடப்பதால், அப்பாலை உலர்த்திப் பெறும் படலம் வெயிலில் ஒட்டும்; இழுத்தால் மீளாது. சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புக்கள் ஏற்பட்டாலே இறப்பர் உறுதி பெறும். இதற்காக வழக்கமாகக் கந்தகம், நாக ஒட்சைட்டு, வேகமூட்டும் இரசாயனங்கள் ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்குவர்.

காமாக் கதிரும் இறப்பர்ச் சங்கிலிகளில் மூலிகங்களைத் தோற்றுவித்து இதே குறுக்குப் பிணைப்புக்களை உண்டாக்கும். ஒவ்வொரு துணிக்கையின் உள்ளேயே பிணைப்பு நிகழ்வதால் பால் உறைவதில்லை, பாலாகவே நிற்கும். ஆனால் கதிரை மட்டும் கொண்டு இதனைச் செய்ய 200 கிலோகிரேக்கு மேற்பட்ட கதிரளவு வேண்டும். கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருள் ஏற்கும் ஒரு யூல் சக்தியாகும். இவ்வளவு கதிர் செலுத்துதல் கட்டுப்படியாகாது.

இங்கே வைனைற் குடும்பத்தின் உறவினராகிய பியூற்றைல் அக்கிரிலேற்று என்னும் ஒருபகுதியம் துணைக்கு வருகின்றது. நூறு பங்கு இறப்பருக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு வீதம் இதனைப் பாலிற் சேர்த்தால், அது இறப்பர்த் துணிக்கைகளுட் புகுந்து குறுக்குப் பிணைப்பை எளிதாக்கும். அப்போது ஏறத்தாழ 15 கிலோகிரே கதிரே போதும். முன்னர் இவ்வேலைக்குக் காபன் நாற்குளோரைட்டைச் சேர்த்தனர். அது நச்சுத்தன்மை மிக்கதாதலால் கைவிடப்பட்டது. பியூற்றைல் அக்கிரிலேற்றைக் கொண்டு செய்யும் முறையை யப்பானின் தகாசாகி நகரிலுள்ள கதிர் இரசாயன ஆய்வு நிலையத்தார் வளர்த்தனர். சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் துணையுடன் 1980களில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலும், பின்னர் இந்தியாவின் கோட்டயத்திலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையத்திலும் இதற்கென முன்னோடி நிலையங்கள் அமைக்கப்பட்டன.

இம்முறையில் ஆக்கிய இறப்பரிற் கந்தகமும் வேகமூட்டும் இரசாயனங்களும் இல்லை. ஆகவே சில வேகமூட்டிகளால் உண்டாகும் நைத்திரோசமைன் என்னும் தீய பொருளும் அதில் இல்லை. எரிக்கும்போது கந்தகப் புகையும் மிகக் குறைவு. குறைகளும் உள. படலத்தின் இழுவலிமை கந்தக முறையிற் பெறுவதினும் சற்றுக் குறையலாம். எஞ்சிய அக்கிரிலேற்றின் நெடி நீங்கும்வரை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். நிலையத்தை அமைக்கும் செலவும் பெரிது.

கதிர் பட்ட பொருளிற் கதிர் தங்குமா?

கமக்காரர் பலரின் முதல் ஐயம் இதுவே. இதற்கு விடை, தங்காது என்பதாம். கோபாற்று-60 வெளிவிடும் காமாக் கதிரின் சக்தி, மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கப் போதுமானது. அணுவின் கருவை மாற்றிப் பொருளைக் கதிர்த்தொழிற்பாடுள்ளதாக ஆக்கப் போதுமானதன்று. கோபாற்று உலோகம் உருக்கு உறையினுள் அடைக்கப்பட்டிருப்பதால் அது பொருளோடு கலப்பதுமில்லை. விளக்கை அணைத்த பின்னர் அறையிலுள்ள பாத்திரம் ஒளி வீசாதது போலவே, கதிர்மூலத்தை அகற்றிய பின்னர் பாலும் கையுறையும் கதிர் வீசா.

சக்தியின் அளவை நோக்கினும் இது விளங்கும். 15 கிலோகிரே என்பது ஒரு கிலோகிராமிற்கு 15,000 யூல் சக்தியாகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 4 பாகையளவுகூட உயர்த்த அது போதாது. ஆனால் உயிருள்ள உடல் இத்தகைய கதிருக்கு மிக மென்மையானது. உடல் முழுவதும் 4 அல்லது 5 கிரே ஒரே தடவையிற் பெற்று மருத்துவ உதவியும் கிடையாதவருட் பாதிப்பேர் இறப்பர். ஆகவே அஞ்ச வேண்டியது கதிர் பட்ட பொருளையன்று, கதிர்மூலத்தையேயாம். இக்காரணத்தாலேயே தடித்த கொங்கிறீற்றுச் சுவர்களுக்குள் கதிரூட்டல் நடைபெறுகின்றது. ஆட்கள் உட்செல்லும்போது மூலம் ஆழமான நீர்த்தொட்டியினுள் இறக்கப்படுகின்றது. கோபாற்று-60இன் வலிமை ஏறத்தாழ 5.3 ஆண்டுகளிற் பாதியாகக் குறைவதால், அதனைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும்.

இலங்கையில் அணுசக்தி அதிகார சபை 1969 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக இலங்கை அணுசக்திச் சபையையும், கதிர்மூலங்களைக் கட்டுப்படுத்தத் தனியான ஒழுங்குபடுத்தும் பேரவையையும் அமைத்தது. சபையின் காமா நிலையம் கம்பஹா மாவட்டத்தின் பியகமவில் உள்ளது. மருத்துவப் பொருட்களைத் தொற்றுநீக்குதல், வாசனைத் திரவியங்களிலுள்ள கிருமிகளைக் குறைத்தல் முதலிய வேலைகளுக்கு அத்தகைய நிலையங்கள் பயன்படுகின்றன. மாத்தளைக் கமக்காரர் வீட்டுத் தோட்டத்தில் விளைவிக்கும் மிளகும் இவ்வாறு கதிரூட்டப்படத்தக்க பொருளே. அதனால் மிளகு கதிர்த்தொழிற்பாடு அடைவதில்லை.

எக்கையுறை எவ்வேலைக்கு உரியது?

மேற்கூறிய அறிவு கமக்காரருக்கு நேரே பயன்படும் இடம் கையுறையாகும். பீடைகொல்லியைக் கலக்கும்போது, தெளித்தற்கு முன்பு இருக்கும் செறிவான மருந்து கையிற் படுகின்றது. உடலினுட் புகும் நஞ்சில் ஒரு பெரும்பங்கு தோலின் வழியாகவே புகும். எனவே கையுறை அணிதல் நன்று. ஆனால் எக்கையுறையும் போதும் என்பது தவறு.

வைத்தியசாலைகளில் அணியும் மெல்லிய கையுறைகளுட் பல இயற்கை இறப்பர்ப் பாலாலானவை. அவை நீரையும் கிருமியையும் தடுக்கும். பீடைகொல்லிகளுட் பல எண்ணெய்க் கரைப்பானிற் கரைத்து விற்கப்படுகின்றன. நீரிற் கலந்தவுடன் பால்போல் வெளுப்பவை இவ்வினத்தன. இத்தகைய கரைப்பான் பட்டால் இயற்கை இறப்பர் ஊதி மென்மையடையும். நஞ்சு அதனூடே கசிந்து தோலை அடையும். கையுறை அணிந்துள்ளோம் என்னும் நம்பிக்கையால் அவர் கையைக் கழுவாமலும் இருந்துவிடுவர். வெறுங்கையினும் இது கேடாக முடிதல் கூடும். கந்தகத்தால் இறுகிய இறப்பராயினும் கதிரால் இறுகிய இறப்பராயினும் இக்குறை ஒன்றே. கதிர் இறப்பரைத் தூய்மையாக ஆக்கலாம்; எண்ணெயைத் தாங்கும் பொருளாக மாற்றாது.

எண்ணெயைத் தாங்குவது நைத்திரைல் இறப்பராகும். இது அக்கிரிலோநைத்திரைல் என்னும் வைனைல் ஒருபகுதியத்தையும் பியூற்றாடையீனையும் பாற்குழம்பு முறையிற் சேர்த்து ஆக்கப்படுவது. இதற்குக் கதிர் வேண்டுவதில்லை. இரசாயனத் தொடக்கியே போதும். ஆயினும் பீடைகொல்லி கலப்பவருக்கு உரியது இதுவே. கையுறை வாங்கும்போதும் அணியும்போதும் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

நைத்திரைல் என உறையிற் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தடிப்பு 0.35 மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் நன்று. உட்புறத்திற் பஞ்சுத் துணி உள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும். துணி நஞ்சை உறிஞ்சிக் கையிலேயே வைத்திருக்கும். அணியுமுன் நீரை நிரப்பித் துளை உண்டா எனச் சோதிக்க வேண்டும். தாழ்ந்த பயிருக்குத் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறையின் மேலே விழுமாறு விடுதல் வேண்டும். பாகல், புடோல் போன்ற பந்தற் பயிர்களுக்குக் கையை உயர்த்தித் தெளிக்கும்போது சட்டைக் கையைக் கையுறையினுட் செருகுதல் வேண்டும். வேலை முடிந்ததும், கழற்றுமுன் கையுறையின் வெளிப்புறத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கழற்றிய பின்னர் கையையும் கழுவுதல் வேண்டும். கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரலாகாது. பீடைகொல்லிப் போத்தலின் முகப்புத்தாளில் வேறு விதமான கையுறை கூறப்பட்டிருப்பின் அதனையே அணிதல் வேண்டும்.

நீருறிஞ்சும் மணிகள்

கதிரால் ஆக்கப்படும் பல்பகுதியங்களுட் கமத்தொழிலை நேரே நோக்கி வந்தவை நீருறிஞ்சும் மணிகள். மரவள்ளி மாச்சத்துடன் அக்கிரிலிக் அமிலம் என்னும் ஒருபகுதியத்தைச் சேர்த்துக் கதிரூட்டினால், அமிலச் சங்கிலிகள் மாச்சத்தில் ஒட்டி வலைபோற் பின்னிக்கொள்ளும். இவ்வலை நீரிற் கரையாது. ஆனால் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு தூய நீரை உறிஞ்சி ஊதும். மண் உலரும்போது அந்நீரைச் சிறிது சிறிதாக விடும். வியட்நாமின் அணுசக்தி ஆய்வாளர் இத்தகைய மணிகளை ஆக்கி வயலிற் சோதித்துள்ளனர். கதிரின்றி இரசாயன முறையால் ஆக்கியவையும் விற்பனைக்கு உள.

இவற்றை வாங்க எண்ணும் கமக்காரர் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும். முதலாவது, உவர்நீரிலும் உரம் கரைந்த நீரிலும் இவை உறிஞ்சும் அளவு மிகவும் குறையும். தூய நீரிற் காட்டும் வியப்பை மண்ணில் எதிர்பார்த்தல் ஆகாது. இரண்டாவது, நீர் கட்டி நிற்கும் நெல்வயலுக்கு இவற்றால் பயனில்லை. சிறுபோகத்தில் நீர் குறையும் மேட்டுநிலத்தில், தக்காளி, மிளகாய் நாற்றுக்களை நடும் குழிகளில் உதவக்கூடும். மூன்றாவது, இவை நீரைச் சேமிக்குமேயன்றி உண்டாக்கா. கூட்டெருவும் வைக்கோல் மூடுபடையும் இதே வேலையைக் குறைந்த செலவிற் செய்து மண்ணையும் வளப்படுத்தும். ஆகவே முதலில் ஒரு பாத்தியில் மணியும், அதனருகே ஒரு பாத்தியிற் கூட்டெருவும் மூடுபடையும், மூன்றாவது பாத்தியில் எதுவும் இடாமலும் நட்டு, ஒரே அளவு நீர் பாய்ச்சி, வாடும் நாளையும் விளைச்சலையும் குறித்து ஒப்பிடுதல் வேண்டும். கணக்கு இலாபம் காட்டினால் மாத்திரம் தோட்டம் முழுவதற்கும் வாங்கலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

கதிர் சங்கிலியைத் தொடக்கிவைக்கும், பொருளில் தங்காது. அஞ்ச வேண்டியது கதிர்மூலத்தையே, கதிரூட்டிய பொருளையன்று.

கதிரால் ஆக்கியது என்பதனால் மட்டும் ஒரு பொருள் உயர்ந்ததாகாது. அது எவ்வேலைக்கு ஏற்றது என்பதையே கேட்டு அறிதல் வேண்டும்.

எண்ணெய்க் கரைப்பான் கலந்த பீடைகொல்லிக்கு மெல்லிய இயற்கை இறப்பர்க் கையுறை காப்பன்று. தடித்த நைத்திரைற் கையுறையே அணிதல் வேண்டும்.

நீருறிஞ்சும் மணிகளை ஒரு பாத்தியிற் சோதித்த பின்னரே பெருமளவில் இடுதல் வேண்டும்.

ஐயமெழும்போது பல்லேபொலக் கமக்காரர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி, பொருளின் முகப்புத்தாளைக் காட்டி விளக்கம் பெறுவாராக.